சோதனை இல்லையாம்

பத்து வருடத்துக்கும் மேலாக ஒரு ‘ஆமா’ என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. 2014 மே மாதம், சென்னையில் ஒரு தியேட்டர் இருட்டில், மூக்கில் 3டி கண்ணாடி அழுத்திக்கொண்டிருந்தபோது சொன்னது. கேட்டவன் என் அக்கா மகன், அப்போது ஒன்பது வயது. திரையில் கரெத் எட்வர்ட்ஸ் இயக்கிய ‘காட்ஸில்லா’. வேகமாக வரும் ஆங்கிலம் அவனுக்குப் பிடிபடாது என்பதால், பின்வரிசைக்காரர் ‘உச்’ கொட்டும் அளவுக்கு நான் அவன் காதில் மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தேன். அப்படி மொழிபெயர்த்த ஒரு வரிக்கு அவன் ஒரு கேள்வி கேட்டான். யோசிக்காமல் ‘ஆமா’ என்று சொல்லி வாயை அடைத்தேன். படம் முடிந்து வெளியே வந்தபோது எனக்குக் கோபம் இருந்தது, ஆனால் அது வேறு எதன் மேலேயோ இருந்தது.

காத்திருந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2013 டிசம்பரில் வந்த ட்ரெய்லரை அலுவலகத்தில் ஒரு காதில் மட்டும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்த்தேன். ராணுவ வீரர்கள் விமானத்தின் பின்கதவு வழியாகக் குதிக்கிறார்கள். ஒவ்வொருவர் காலிலிருந்தும் சிவப்புப் புகை நூல் மாதிரி இழுபடுகிறது. கீழே சாம்பல் மேகம், மேகத்துக்கு அடியில் எரிகிற நகரம், புகைக்குள் ஏதோ ஒரு பெரிய முதுகு. பின்னணியில் லிகெட்டியின் ரெக்வியம்: வார்த்தை எதுவும் பிரியாமல் மனிதக் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிகிற அந்த இசை. குப்ரிக்கின் விண்வெளிப் படத்தில் கருங்கல் பலகை வரும்போது கேட்பது. அந்த மதியம் வேலை ஓடவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்ளலாம்.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது அதற்கும் முந்தைய டீசர். 2012ல் சான் டியாகோ காமிக்-கான் என்ற ரசிகர் விழாவில் காட்டியது, பிற்பாடு இணையத்துக்கு வந்தது. இடிந்த நகரம், உடைந்த ரயில், செத்துக்கிடக்கும் ஏதோ ஒரு பெரிய ஜந்து, அதற்குப் பின்னால் தூசியில் நிற்கும் காட்ஸில்லா. இவற்றின் மேல் ராபர்ட் ஓப்பன்ஹைமரின் நிஜக் குரல். முதல் அணுகுண்டு வெடித்ததை நினைவுகூர்ந்து, கண்ணீரை அடக்கிக்கொண்டு, கீதையின் பதினோராவது அத்தியாயத்திலிருந்து அவர் சொல்லும், ‘நானே மரணமானேன், உலகங்களை அழிப்பவன்’ என்ற அந்த வரி. ‘காலோஸ்மி’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் பாராயணம் செய்கிற சுலோகம்தான். அதை ஒரு ராட்சத மிருகப் படத்தின் விளம்பரத்தில் கேட்டபோது, சரி, இந்த முறை இவர்கள் விளையாடவில்லை என்று நினைத்தேன். குண்டு செய்தவனின் வாக்குமூலத்தோடு ஆரம்பிக்கிறார்கள் என்றால் படம் எதைப் பற்றி என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அப்படி நம்ப வேறு காரணங்களும் இருந்தன. எட்வர்ட்ஸ் 2010ல் ‘மான்ஸ்டர்ஸ்’ என்ற படத்தை ஒரு வேனில் அடங்கும் குழுவை வைத்து எடுத்து, கிராஃபிக்ஸை எல்லாம் தன் கம்ப்யூட்டரில் தானே செய்தவர். பிரமாண்டத்தை விடத் தூரத்தையும் இருட்டையும் நம்புகிற ஆள். பிரையன் கிரான்ஸ்டன் நடிக்கிறார், கென் வதனாபே நடிக்கிறார். போதாததற்கு 1998ன் காயம். ரோலண்ட் எம்மெரிக் எடுத்த அந்த ‘காட்ஸில்லா’வைப் பள்ளி நாட்களில் பார்த்துவிட்டு, இதில் ஏன் ஓணான் ஓடுகிறது என்று குழம்பியவன் நான். காட்ஸில்லாவை முதலில் உருவாக்கிய ஜப்பானிய நிறுவனமான தோஹோவுக்கும் அதே மனக்குறை இருந்திருக்க வேண்டும். 2004ல் எடுத்த படத்தில் அந்த அமெரிக்க ஓணானை சிட்னியில் கொண்டுவந்து நிறுத்தி, ஜப்பானியக் காட்ஸில்லாவை விட்டுச் சில விநாடிகளில் கதையை முடித்தார்கள். சினிமா வரலாற்றில் இவ்வளவு வெளிப்படையாகப் பழி தீர்த்துக்கொண்ட படக்கம்பெனி வேறு இருக்கிறதா என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை.

தியேட்டரில்

கிரான்ஸ்டன் இடைவேளைக்கு முன்பே செத்துப்போனார். ட்ரெய்லர் முழுக்க அவர் முகம்தான். நீங்கள் எதையோ மறைக்கிறீர்கள் என்று தொண்டை நரம்பு புடைக்கக் கத்திய அந்த மனிதரைக் காட்டித்தான் டிக்கெட் விற்றார்கள். அவர் போனதும் கதை அவருடைய மகனிடம் போகிறது. குண்டுகளைச் செயலிழக்கச் செய்கிற ராணுவ அதிகாரி, ஆரோன் டெய்லர்-ஜான்சன். பாவம், அவர் மேல் குற்றமில்லை, எழுதப்பட்டதே அவ்வளவுதான்.

அப்புறம் ஹோனலூலு விமான நிலையம். இதைப் பார்த்த எவரிடமும் நான் விளக்க வேண்டியதில்லை. கண்ணாடிக்கு வெளியே ஒரு கால் இறங்குகிறது. கேமரா மெதுவாக மேலே ஏறுகிறது, ஏறிக்கொண்டே இருக்கிறது. 108 மீட்டர் உயரம். முகம் வருகிறது. வாய் திறந்து ஒரு கர்ஜனை, நாற்காலிக் கைப்பிடி அதிர்ந்தது. என் அக்கா மகன் எழுந்து நின்றுவிட்டான். இதோ எதிரி மிருகத்தோடு சண்டை என்று எல்லோரும் மூச்சை இழுத்துப் பிடித்த நொடியில் காட்சி அறுகிறது. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு வீடு, ஒரு டிவி, சோபாவில் ஒரு சின்னப் பையன். சண்டை அந்த டிவிக்குள் தம்மாத்துண்டாக நடந்துகொண்டிருக்கிறது. தியேட்டரில் எழுந்த சத்தத்தை என்னவென்று சொல்வது, கல்யாணப் பந்தியில் பாயசத்தைக் காட்டிவிட்டு வாளியை அடுத்த வரிசைக்கு எடுத்துப்போனால் வருமே, அது.

பல வருடம் என் புகார் இதுவாகத்தான் இருந்தது. இரண்டு மணி நேரப் படத்தில் காட்ஸில்லா வருவது மொத்தமாகக் கூட்டினால் பத்து நிமிடம்கூடத் தேறாது என்று நண்பர்களிடம் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். எதிர்த்தரப்பு வாதமும் எனக்கு மனப்பாடம்: ‘ஜாஸ்’ படத்தில் சுறாவைக் காட்டாமல்தானே கடலைப் பார்த்தே பயப்பட வைத்தார்கள், கடைசியில் அந்த நீல நெருப்பு முதுகுத் தகடுகளில் ஏறி வரும்போது கிடைக்கிற சுகம் முன்பே இலையில் போட்டிருந்தால் கிடைத்திருக்குமா. இன்று கேட்டால் அவர்கள் பக்கம் பாதி சாய்ந்துவிடுவேன். ஆனால் புகாரை விட்டுக்கொடுத்த பிறகும் உள்ளே ஒரு உறுத்தல் பாக்கி இருந்தது. அப்போதுதான் தெரிந்தது, உறுத்தியது விமான நிலையம் இல்லை.

விமான நிலையத்துக்கு முன்னால் ஒரு காட்சி. போர்க்கப்பலில் வைத்து, வதனாபே நடிக்கும் டாக்டர் ஸெரிஸாவாவும் அவருடைய சக விஞ்ஞானியும் கதாநாயகனுக்குப் பழைய கதையைச் சொல்கிறார்கள். 1954ல் ஒரு அணுசக்தி நீர்மூழ்கி கடலின் ஆழத்துக்குப் போய் எதையோ எழுப்பிவிட்டது. பசிஃபிக்கில் அமெரிக்கா நடத்திய அணுகுண்டுச் சோதனைகள் இருக்கின்றனவே, அவை சோதனைகளே இல்லை. அதைக் கொல்லப் பார்த்தார்கள்.

நான் குனிந்து அவன் காதில் சொன்னேன்: “அதெல்லாம் சோதனை இல்லையாம்டா. காட்ஸில்லாவைக் கொல்றதுக்குப் போட்ட குண்டாம்.”

“அப்போ குண்டு போட்டவங்க நல்லவங்களா மாமா?”

“ஆமா. பேசாம பாரு.”

மார்ச் 1

அந்த வருடம் முதல் காட்ஸில்லாவுக்கு அறுபது வயது. அதைச் சாக்காக வைத்து, மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இஷிரோ ஹோண்டாவின் 1954 படத்தைச் சப்டைட்டிலோடு மடிக்கணினியில் பார்க்க உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால் சிரிக்கத் தயாராகத்தான் உட்கார்ந்தேன். ஒரு மனிதன் நூறு கிலோ உடுப்புக்குள் புகுந்து அட்டை வீடுகளை மிதிக்கிற படம் என்பது வரைதான் எனக்குத் தெரியும். உடுப்புக்குள் இருந்தவர் ஹருவோ நகாஜிமா, அட்டை வீடுகளைக் கட்டியது எய்ஜி சுபுராயாவின் குழு, அந்தக் கர்ஜனை இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே பிசின் தடவிய தோல் கையுறையால் டபுள் பேஸ் வாத்தியத்தின் தந்தியை உருவி எடுத்த ஒலி என்பதெல்லாம் அப்புறம் தெரிந்துகொண்டது.

படம் ஒரு கப்பலில் தொடங்குகிறது. மேல்தளத்தில் மாலுமிகள் ஓய்வாக இருக்கிறார்கள், ஒருவன் ஹார்மோனிகா வாசிக்கிறான். கடலில் திடீரென்று கண்ணைப் பறிக்கும் வெளிச்சம். எல்லோரும் ஓடிவந்து பார்க்கிறார்கள். கப்பல் எரிகிறது. அவ்வளவுதான், மிருகம் ஒன்றும் கண்ணில் படவில்லை. இது ஏன் இப்படித் தொடங்குகிறது என்று எனக்குப் புரியவில்லை. படத்தை நிறுத்திவிட்டுத் தேட ஆரம்பித்தவன், அன்று இரவு வரை படத்துக்குத் திரும்பவில்லை.

1954 மார்ச் 1, விடிகாலை. மார்ஷல் தீவுகளின் பிகினி பவளத்திட்டில் அமெரிக்கா ‘காசில் பிராவோ’ என்ற ஹைட்ரஜன் குண்டை வெடித்தது. சுமார் ஆறு மெகாடன் இருக்கும் என்று போட்ட கணக்கு பதினைந்தாக வெடித்தது. ஹிரோஷிமா குண்டைப் போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. தடைசெய்த எல்லைக்கு வெளியே சூரை பிடித்துக்கொண்டிருந்தது ஒரு ஜப்பானிய மரப்படகு, பெயர் டைகோ ஃபுகுர்யு மாரு. ‘ஐந்தாவது அதிர்ஷ்ட டிராகன்’ என்று அர்த்தம். படகில் 23 பேர். மேற்கில் சூரியன் உதித்த மாதிரி வெளிச்சம் வந்தது, பிறகு சத்தம், பிறகு சில மணி நேரத்தில் வானத்திலிருந்து வெள்ளைத் தூள் கொட்டியது. பொடியாகிப்போன பவளம். அது என்னவென்று தெரியாமல் கையால் வாரி ஒதுக்கிக்கொண்டே வலையை இழுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து யாய்ஸு துறைமுகத்தில் கரையேறியபோது தோல் கருத்து, முடி உதிர்ந்துகொண்டிருந்தது. படகின் ரேடியோ இயக்குநர் ஐகிச்சி குபோயாமா செப்டம்பர் 23ஆம் தேதி இறந்தார். படம் நவம்பர் 3ஆம் தேதி வெளியானது.

தேதிகளை மறுபடி பார்த்தேன். குபோயாமா இறந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. டோக்கியோ தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தக் கப்பலும் வெளிச்சமும் என்னவென்று யாரும் காதில் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அந்த வருடம் அவர்கள் ஊர்ச் சந்தைகளில் கதிர்வீச்சு மானி வைத்துச் சூரையைச் சோதித்து, டன் கணக்கில் புதைத்திருக்கிறார்கள். படத்தில் ஒரு காட்சி: மின்சார ரயிலில் ஒரு இளம்பெண் பேப்பர் படித்துவிட்டு அலுத்துக்கொள்கிறாள். விஷமான சூரை, கதிரியக்க மழை, இப்போது இந்தக் காட்ஸில்லா வேறா என்று. நாகசாகியில் தப்பித்து வந்தது இதற்குத்தானா என்கிறாள். நம் ஊரில் வெங்காய விலையைப் பேசுகிற அதே தொனி. அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் நின்றும்போனது.

‘சோதனை இல்லையாம்’ என்று நான் சொன்னது இந்தக் குண்டைத்தான். 2014 படத்தின் டைட்டிலைப் போட்டுப் பார்த்தால் தெரியும். பழைய ஆவணப்படம் மாதிரி காட்சிகள், தென்னை மரத் தீவு, எழுத்துகளை வெள்ளையடித்து அழித்துக்கொண்டே போகும் வரிகள். குண்டின் மேல் காட்ஸில்லாவின் உருவத்தை வரைந்து குறுக்கே கோடு போட்டிருப்பார்கள். கடலில் முதுகு முட்கள் எழும்பும், குண்டு வெடிக்கும். தியேட்டரில் அதைப் பார்த்து விசிலடிக்காத குறையாக ரசித்தேன். 1954ன் கதையில் குண்டு போட்டதால் மிருகம் வந்தது. 2014ல் மிருகம் வந்ததால் குண்டு போட்டார்கள். இரண்டு வாக்கியத்திலும் சொற்கள் அதேதான், வரிசைதான் வேறு. அந்த வரிசை மாற்றத்தில் 23 மீனவர்கள் காணாமல் போய்விடுகிறார்கள். சாம்பலைப் பனி என்று நினைத்து விளையாடிய ரோங்கெலாப் தீவுக் குழந்தைகளும் போய்விடுகிறார்கள். 1946க்கும் 1958க்கும் நடுவே அந்தத் தீவுகளில் வெடித்த 67 குண்டுகளும் பாதுகாப்பு நடவடிக்கை ஆகிவிடுகின்றன. மார்ஷல் தீவுகளில் மார்ச் 1 இன்றும் துக்க நாள்.

வில்லங்கம் என்னவென்றால், அதே படத்தில் ஸெரிஸாவா ஒரு பழைய கைக்கடிகாரத்தை எடுத்துக் காட்டுவார். 8.15ல் நின்றுபோனது, ஹிரோஷிமா, அவருடைய அப்பாவுடையது. அட்மிரல் பதில் பேசாமல் நிற்பார். படத்திலேயே நல்ல காட்சி அதுதான். ஆக எட்வர்ட்ஸுக்குத் தெரியாமல் இல்லை. துக்கம் விசாரிக்கிறார், ஆனால் கணக்கு மட்டும் கேட்க மாட்டேன் என்கிறார். கடைசியில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வெளியே கடலில் ஒரு அணுகுண்டு வெடிக்கிறது. மறுநாள் காலை எல்லோரும் அந்தக் காற்றையே சுவாசித்துக்கொண்டு குடும்பத்தோடு கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். யார் தலையிலும் ஒரு முடி உதிரவில்லை.

இது ஒரு படத்தின் கோளாறா என்று பார்த்தால் அதுவும் இல்லை. ஹோண்டாவின் படத்தை 1956ல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனவர்கள், ரேமண்ட் பர் என்ற நடிகரை நிருபராக நடுவில் செருகி, கணிசமான பகுதியை வெட்டினார்கள். நாகசாகி என்று சொன்ன அந்த ரயில் பெண் காணோம். இப்படியே குண்டுச் சோதனை தொடர்ந்தால் இன்னொரு காட்ஸில்லா வரும் என்று கடைசியில் முதிய பேராசிரியர் யமானே சொல்வதும் காணோம். அசல் படம் அங்கே தியேட்டர்களில் பரவலாக வந்தது 2004ல்தான். 1998 படம் இன்னும் சாமர்த்தியம்: அதில் மிருகத்தை உண்டாக்கியது பிரெஞ்சுக்காரர்கள் பாலினேசியாவில் வெடித்த குண்டு. தன் நாடு செய்த அசிங்கத்தைச் சுத்தம் செய்ய, பிரெஞ்சு உளவாளியாக நடிக்கும் ழான் ரெனோ நியூயார்க்குக்கே வருவார். பிரான்ஸ் அப்போதுதான், 1996ல், சோதனைகளை நிறுத்தியிருந்தது, கைக்கு வாகாக மாட்டிக்கொண்டது. முதல் முறை கத்தரி, இரண்டாவது முறை பக்கத்து வீட்டுக்காரன், மூன்றாவது முறை ‘அது சோதனையே இல்லை’. யாரோ உட்கார்ந்து சதி செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. பணம் போடுகிறவன் கதையில் பழி அவன் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காராது, தானாகவே நகர்ந்துகொள்ளும்.

இதையெல்லாம் எழுதிவிட்டு ஜப்பான் பக்கம் கணக்கு சுத்தம் என்று விட்டுவிடவும் முடியவில்லை. ஹோண்டா சீனாவில் போரிட்ட சிப்பாய், ஊர் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவின் இடிபாடுகளைப் பார்த்தவர். அவர் படத்தில் ஹிரோஷிமா ஒவ்வொரு சட்டகத்திலும் இருக்கிறது, சீனா எங்கும் இல்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதை போட ஜப்பான் ராணுவம் பிடித்துப்போன தமிழர்கள் எத்தனை ஆயிரம் பேர் திரும்பவில்லை என்று கேள்விப்பட்டு வளர்ந்த நமக்கு, ஜப்பானை வெறும் பலியாளாகக் காட்டும் எந்தப் படத்திலும் அந்த வெற்றிடம் கண்ணில் படத்தான் செய்யும்.

அதனால்தான் 2016ல் வந்த ‘ஷின் காட்ஸில்லா’ எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஹிதேயாகி அன்னோவும் ஷின்ஜி ஹிகுச்சியும் இயக்கியது. பாதிப் படம் மீட்டிங். மெய்யாகவே மீட்டிங்: ஒரு அறையில் கூடி, இந்த விஷயத்துக்கு வேறு அறை என்று எழுந்து போய் அங்கே கூடுகிறார்கள். பிரதமர் டிவியில் தோன்றி, அந்த ஜந்து தன் எடையைத் தானே தாங்காது, கரையேற வாய்ப்பே இல்லை என்று மக்களுக்குத் தைரியம் சொல்கிறார். சொல்லி வாய் மூடவில்லை, அது டோக்கியோவின் கமாதாவில் கரையேறிவிட்டது என்று சேதி வருகிறது. 2011 சுனாமியும் ஃபுகுஷிமாவும் முடிந்து ஐந்து வருடம். கடலில் கொட்டிய அணுக்கழிவில் வளர்ந்த மிருகம் இது, சிரிப்பு மூட்டும் முட்டைக் கண்ணோடு, செவுளிலிருந்து ரத்தம் கொட்டிக்கொண்டு தெருவில் தவழ்ந்து வருகிறது. அமெரிக்கா டோக்கியோ மேல் குண்டு போடத் தயாராகிறது, அந்தப் பழைய கணக்கையும் படம் விடவில்லை. ஆனால் முதல் கேள்வி தன் வீட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துத்தான். கணினியில் உருவாக்கிய அந்த மிருகத்துக்கு அசைவு கொடுத்தவர் மன்சாய் நோமுரா, தலைமுறை தலைமுறையாகக் கியோகென் என்ற மரபு நாடகம் ஆடும் குடும்பத்துக் கலைஞர். ஓடாது, உறுமிக்கொண்டு பாயாது, சாமி தேரில் வருவதுபோல் வரும். அதை மட்டும் தனியாக எழுத வேண்டும், இன்னொரு நாள்.

போன மாதம்

அந்தப் பையனுக்கு இப்போது மீசை முளைத்துக் கல்லூரி போகிறான். போன மாதம் லீவுக்கு வந்திருந்தபோது, சாப்பிட்டுவிட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தோம். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், அன்றைக்கு நீ ஒன்று கேட்டாய், நான் தப்பாகப் பதில் சொல்லிவிட்டேன் என்று ஆரம்பித்தேன்.

“நான் அப்படிக் கேட்டேனா? ஞாபகமே இல்ல மாமா.”

அவனுக்கு ஞாபகம் இருந்தது, பாப்கார்னைக் கொட்டியதும், கடைசியில் காட்ஸில்லா இன்னொன்றின் வாயைப் பிளந்து உள்ளே நீல நெருப்பை ஊற்றியதும்தான். அது செம சீன் என்றான். செம சீன்தான், மறுக்க முடியாது. நான் விடாமல் பிகினி, சாம்பல், 23 பேர் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பத்து வருடப் பாக்கி, கொஞ்சம் வேகமாகத்தான் கொட்டியிருப்பேன். மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தவன், படகைப் பற்றிச் சொன்னபோது மட்டும் குறுக்கே பேசினான்.

“அந்தப் படகு இப்போ எங்க?”

டோக்கியோவில்தான் இருக்கிறது என்றேன். நச்சு நீக்கி, பெயர் மாற்றி, மீன்வளக் கல்லூரிக்குப் பயிற்சிப் படகாக ஓட்டி, கடைசியில் குப்பைமேட்டில் கைவிட்டுவிட்டார்கள். ஊர்க்காரர்கள் இயக்கம் நடத்தி மீட்டார்கள். 1976லிருந்து அதே குப்பை கொட்டி மேடாக்கிய தீவில் ஒரு கூடம் கட்டி அதற்குள் வைத்திருக்கிறார்கள். தீவின் பெயர் யுமெனோஷிமா, கனவுத் தீவு. அவன் போனை எடுத்துத் தேடினான். படம் வந்தது: கூரைக்கு அடியில் நிற்கும் வெள்ளை மரப்படகு, முப்பது மீட்டர்கூட இராது. பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். விரலால் பெரிதாக்கிப் பார்த்தான், மறுபடி சிறிதாக்கினான்.

“இத்துனூண்டா மாமா?” என்றான்.